சரிவில் முளைத்த சாமி

அத்தியாயம் 5

“குடிச்சவன் ரெண்டு பக்கமும் தள்ளாடுவான், பென்னி. இந்த ஆளு ஒரே பக்கந்தான் சாயறாரு. இன்னொரு வாட்டி போடு.”

பெனிஸ்டன் கைப்பேசியில் அந்த வீடியோவை ஏழாவது முறையாக ஓடவிட்டான். பதினான்கு விநாடி. புனே முழுக்கப் பார்த்துவிட்டு, பார்க்காதவர்களுக்கும் அனுப்பி வைத்த வீடியோ. நவலே பாலத்துச் சரிவில் ஒரு லாரி கவிழ்ந்து கிடக்கிறது. சாலை நிறையத் தேங்காய். ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதரை கேபினிலிருந்து இழுத்து நிறுத்துகிறார்கள். அவர் தள்ளாடுகிறார். ஒரு கை அவர் கன்னத்தில் இறங்குகிறது. “பேவ்டா! பேவ்டா!” என்று ஒருவர் கத்துகிறார். குடிகாரன் என்று அர்த்தம். கத்துகிறவர் கக்கத்தில் இரண்டு தேங்காய். அவருக்குப் பின்னால் இன்னொருவர் நிதானமாகச் சாக்கில் அள்ளிக்கொண்டிருக்கிறார்.

“இடது பாதத்தைப் பாரு. எந்தப் பக்கம் திரும்பியிருக்கு?” என்றார் ஈனிட்.

பெனிஸ்டன் பார்த்தான். எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவன் இதற்கு வைத்திருக்கவில்லை.

“காலு ஒடைஞ்ச ஆளைப் புடிச்சு நிக்க வெச்சிருக்காங்க. அவரால நிக்க முடியல. அதுக்குப் பேரு போதை.”

ஈனிட்டுக்கு ஐம்பத்திரண்டு வயது. புனேயின் கட்கியில் பிறந்து, கட்கியிலேயே படித்து, இருபது வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயராக நசுங்கிய வண்டிகளை எண்ணிவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். பெரும்பாலும் கராடி ஐ.டி. மாப்பிள்ளைகளின் சம்பளம், சிகரெட், பழைய காதலி மூன்றையும் விசாரித்துச் சொல்லும் வேலை. அவரை அக்கா என்று கூப்பிடும் உதவியாளன் பெனிஸ்டனும் கட்கிதான். வீட்டில் மட்டும் தமிழ் பேசி வளர்ந்தவன். வாக்கியத்தின் நடுவில் ஹிந்திக்கு வழுக்கிவிடுவான்.

இந்த வழக்கைக் கொண்டுவந்தவர் அருணாச்சலம். சங்ககிரிக்காரர், லாரி டிரைவர். வீடியோவில் அடி வாங்குகிற செங்கோட்டுவேலுக்குப் பதினேழு வருஷக் கூட்டாளி. மார்க்கெட்யார்டு லாரி நிறுத்தத்தில்தான் சந்திப்பு. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தன் நீல லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கியதும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. சுவரோரம் கிடந்த இரண்டு செங்கல்லை எடுத்து முன் சக்கரத்தடியில் இறுக்கினார். அப்புறம்தான் வணக்கம்.

“தரை கேரம் போர்டு மாதிரி இருக்கு, அண்ணா. வண்டி கஹான் பாகேகி, எங்க ஓடிரும்?” என்றான் பெனிஸ்டன். டூல் பாக்ஸ் ஓரத்தில் சும்மா இருந்த இரும்புக் கொக்கியில் தன் ஹெல்மெட்டை மாட்டினான்.

“பழக்கமுங்க தம்பி. சக்கரத்துக்கு முட்டுக் குடுக்காம எறங்குனா சோறு எறங்காது.”

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு நடந்த விபத்து. இன்று வெள்ளி. இரண்டு லாரியும் பொள்ளாச்சியில் தேங்காய் ஏற்றிக்கொண்டு ஜோடியாகக் கிளம்பியவை. அருணாச்சலம் முன்னால் வந்து சேர்ந்துவிட்டார். பின்னால் வந்த செங்கோட்டுவேலின் வண்டி சரிவில் தடுமாறி, வாகட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு ஸ்கூட்டரை இழுத்துக்கொண்டு கவிழ்ந்தது. இரவு வேலை முடிந்து வீடு திரும்பிய இருபத்தாறு வயதுப் பையன். அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

அந்தப் பையனின் சாவுக்கு யாராவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். லாரி டிரைவர் இருக்கும்போது வேறு யாரையும் தேட வேண்டியதில்லை. குடித்திருந்தான் என்று வீடியோ சொன்னது. டீசல் மிச்சம் பிடித்து விற்பதற்காக இறக்கத்தில் நியூட்ரலில் விட்டான் என்று தொலைக்காட்சி சொன்னது. ரத்தப் பரிசோதனை முடிவு வரப் பத்து நாள் ஆகும். அதுவரை பொறுத்திருக்கத் தொலைக்காட்சிக்கு என்ன தலையெழுத்தா?

“இன்னைக்கு நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில இருந்து நேரா மாஜிஸ்திரேட்டுகிட்ட கொண்டுபோறாங்களாமுங்க. குடி, நியூட்ரலு ரெண்டையும் அப்புடியே எழுதிட்டா ஜாமீன் இல்லையாம். வெலங்கக் கட்டிலோட பூட்டி வெச்சிருக்கறாங்க, மேடம். எந்திரிச்சு ஒண்ணுக்குப் போக முடியாத மனுசன். அவன் சம்சாரம் பவுனு ரயிலேறி வந்து வராண்டாவுல உக்காந்திருக்குது. வர்றவன் போறவனெல்லாம் இவன்தான் அந்தக் குடிகாரனான்னு எட்டிப் பாத்துட்டுப் போறானுங்க.”

“அவர் என்ன சொல்றாரு?”

“பத்தர், பத்தர்ங்கறான். ரோட்டுல கல்லு கெடந்துச்சு, முன் டயரு ஏறிருச்சுன்னு. போலீசு போய்த் தேடிப் பாத்தாங்களாம். கல்லே இல்லைங்கறாங்க.”

பெனிஸ்டன் தன் நோட்டைப் புரட்டினான். “இன்ஸ்பெக்டரே அரை கிலோமீட்டர் நடந்து பார்த்தாராம், அக்கா. நோ பத்தர். அப்புறம் செங்கோட்டுவேல் அண்ணா போன்ல ஒரு மிஸ்டு கால். அஞ்சு நாப்பத்தாறு. உங்க நம்பர், அண்ணா.”

“எங்க வந்துட்டிருக்கறான்னு கேக்கக் கூப்புட்டனுங்க. எடுக்கலை.” அருணாச்சலம் துண்டால் கழுத்தைத் துடைத்தார். “எடுக்க மாட்டான். ஸ்டியரிங்கப் புடிச்சுட்டான்னா பெத்த புள்ள கூப்புட்டாலும் எடுக்க மாட்டான். பதினேழு வருசமா அப்புடித்தான். அவனப் போயி...”

ஈனிட் வேறு பக்கம் பார்த்தார்.

“முன்னெல்லாம் வண்டிக்கு ரெண்டு டிரைவரு, ஒரு கிளீனருங்க. இப்ப எல்லாத்துக்கும் ஒத்த ஆளு. தூக்கம் வந்தாலும் அவந்தான், டயர் வெடிச்சாலும் அவந்தான். மேடம், எதுனாச்சும் ஒரு கல்லு இருக்கோணுங்க. ஜல்லி லாரியில இருந்து விழுந்ததோ, மலையில இருந்து உருண்டதோ. எங்கயோ இருக்கோணும். நீங்க கண்டுபுடிச்சுக் குடுங்க.”

“மணி பத்தரை,” என்றார் ஈனிட். “சல், பென்னி. ஸ்கூட்டரை எடு.”

*

“ஹெல்மெட்டை லாரியிலயே விட்டுட்டேன், அக்கா,” என்றான் பெனிஸ்டன், இரண்டு சிக்னல் தாண்டிய பிறகு.

“உன் தலைக்குள்ள என்ன இருக்குன்னு அதுக்குத் தனியா ஒரு பாதுகாப்பு?”

“அரே, அதைக் கண்டுபிடிக்கத்தான் டிடெக்டிவ்கிட்ட வேலைக்குச் சேர்ந்தேன்.”

சரிவு என்றால் சுரங்கப்பாதையிலிருந்து பாலம் வரைக்கும் விடாத இறக்கம். பெங்களூர்ப் பக்கமிருந்து வரும் ஒவ்வொரு லாரியும் இருபது டன் பாரத்தை முதுகில் வைத்துக்கொண்டு, பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்க வேண்டிய இடம். பக்கத்திலேயே கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு பறக்கின்றன. மெதுவாகப் போனால் திட்டு, வேகமாகப் போனால் பிணம். ஈனிட் சர்வேயராக இருந்தபோது இந்தச் சரிவுக்கு மாதம் இரண்டு தடவையாவது வந்திருக்கிறார்.

லாரி கவிழ்ந்த இடம் தெரிந்தது. தடுப்புச் சுவரில் பத்தடிக்கு உரசல். உடைந்த கண்ணாடித் தூள். தேங்காய் ஒன்றுகூட இல்லை, ஓடுகூட இல்லை. இவ்வளவு சுத்தமாகப் பெருக்கிய சாலை புனேயில் வேறெங்கும் இருக்காது.

ஒரு மணி நேரம் சாலையோரம் ஏறி இறங்கினார்கள். கூழாங்கல், செருப்பு, டயர்த் துண்டு, பிளாஸ்டிக் பாட்டில். லாரியைக் கவிழ்க்கும் அளவுக்கு எதுவுமில்லை.

“கல்லே இல்லாத ஊர்ல கல்லைத் தேடுறோம், அக்கா. ஒரு சாய் குடிச்சா மூளை ஸ்டார்ட் ஆகும்.”

சரிவின் பாதியில், சர்வீஸ் ரோட்டோரம் தகரக் கூரை போட்ட டீக்கடை. பக்கத்தில் ஒரு வேப்பங்கன்று. அதனடியில் நான்கு செங்கல் வைத்துக் கட்டிய மேடை. மேடையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சாமி. உடம்பெல்லாம் செந்தூரம் அப்பி, செண்டுமல்லி மாலை போட்டு, உச்சியிலிருந்த இரும்பு வளையத்தில் இரண்டு ஊதுபத்தி செருகியிருந்தது. ஒரு டெம்போக்காரர் இறங்கி வந்து நெற்றியில் கை வைத்துக் கும்பிட்டு, சில்லறை போட்டுவிட்டுப் போனார்.

கடைக்காரி வைஷாலி இரண்டு டம்ளரை நீட்டினாள். நாற்பது வயதிருக்கும். மராட்டியும் ஹிந்தியும் கலந்து சரளமாகப் பேசினாள்.

“கோயில் புதுசா, தாயி?” என்று கேட்டார் ஈனிட்.

“செவ்வாய்க்கிழமையில இருந்துதான். ரொம்ப சக்தி உள்ள சாமி. பதினாறு சக்கர லாரி மேல ஏறிச்சு. லாரி கவுந்துபோச்சு, சாமி உடையல. பாருங்க, ஓரத்துல ஒரு சில்லுதான் போயிருக்கு. ரோட்டோரம் உருண்டு கிடந்தாரு. நானும் என் தம்பியும் தூக்கிட்டு வந்து வெச்சோம்.”

பெனிஸ்டனுக்கு டீ புரையேறியது.

“போலீஸ் வந்து கல்லைத் தேடினாங்களே?”

“தேடினாங்க. இன்ஸ்பெக்டர் சாகேப் இங்கதான் டீ குடிச்சாரு. செருப்பைக் கழட்டிட்டுக் கும்பிட்டாரு. கல்லு எதுவும் பாத்தியான்னு கேட்டாரு. நான் கல்லு எதையும் பாக்கலையே!”

அவள் பொய் சொல்லவில்லை. சாமியைக் கல் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

ஈனிட் செருப்பைக் கழற்றிவிட்டு மேடை முன்னால் மண்டியிட்டார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற அக்கா மண்டியிடுவதைப் பெனிஸ்டன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். அவர் நகத்தால் செந்தூரத்தை ஓரமாகச் சுரண்டினார். அடியில் காய்ந்த விபூதி, மூன்று பட்டை. நடுவில் சந்தனப் பொட்டு.

“இதெல்லாம் நீங்க வெச்சதா?”

“இல்ல, முன்னாலயே இருந்துச்சு. அதைப் பாத்துத்தான் மகாதேவ்னு எங்களுக்குத் தெரிஞ்சுது. கழுத்துல ஜானவே கூட இருக்கு பாருங்க.”

ஜானவே என்றால் பூணூல். சாமி போட்டிருந்த பூணூல் பச்சை நைலான் கயிறு.

“பென்னி, உங்க வீட்ல மாவு எதுல அரைக்கறாங்க?”

“பாக்கெட் மாவு, அக்கா.”

“எங்கம்மா கட்கி குவார்ட்டர்ஸ்ல ஆட்டுக்கல் வெச்சிருந்தாங்க. குழிக்குள்ள நின்னு சுத்துமே, அந்தக் குழவி இது. உச்சியில மரப்பிடி செருகற ஓட்டை. அதுல யாரோ வளையத்தை அடிச்சு, கயிறு கட்டியிருக்காங்க. வீட்டுக்கு கிரைண்டர் வந்ததும் வேலை போன குழவி. அதை லாரிச் சக்கரத்துக்கு முட்டுக் குடுக்க வெச்சிருக்காங்க.”

“அப்போ விபூதி?”

“போன மாசம் ஆயுத பூஜை. நம்ம டிரைவருங்க வண்டி, ஜாக்கி, ஸ்பேனர் ஒண்ணு விடாமப் பட்டை போட்டுப் பொட்டு வெப்பாங்க. முட்டுக்கல்லுக்கும் வெச்சிருக்காங்க. இது சாமியில்ல, பென்னி. ஒரு தமிழ்நாட்டு லாரியோட முட்டுக்கல்.”

மூன்று நாளில் இந்தச் சரிவை எத்தனை சங்ககிரி, நாமக்கல் வண்டிகள் கடந்திருக்கும். இது குழவி என்று தெரிந்த அந்த லாரிக்காரர்களைப் போலீஸ் இங்கே நிற்க விடாது. நின்று கும்பிட்டவர்களுக்கு இது குழவி என்று தெரியாது.

ஈனிட் எழுந்து வைஷாலி பக்கம் திரும்பினார். “செவ்வாய்க்கிழமை காலையில, அந்தத் தேங்காய் வண்டிக்கு முன்னால, வேற லாரி எதுவும் இங்க நின்னுச்சா?”

“நின்னுச்சே. மதராஸ் லாரி. சக்கரத்துல இருந்து புகை வந்துட்டிருந்துச்சு. டிரைவர் இறங்கி டயருக்கு முட்டுக் குடுத்துட்டு, என்கிட்ட தண்ணி வாங்கி மூஞ்சி கழுவினாரு. பிரேக் சூடாயிருச்சு, ஆறினப்புறம்தான் எடுக்கணும்னு சொன்னாரு. நல்ல மனுஷன். டீ குடிச்ச டம்ளரைக் கழுவி வெச்சாரு.”

“அப்புறம்?”

“சீருடைக்காரர் ஒருத்தர் வண்டியில வந்தாரு. இங்க நிறுத்தாத, எடு எடுன்னு லத்தியால கதவைத் தட்டினாரு. இவரு கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு என்னமோ சொன்னாரு. அவர் கேக்கல. பத்து நிமிஷந்தான் நின்னிருப்பாரு, பாவம். எடுத்துட்டுப் போயிட்டாரு. அப்புறம் கொஞ்ச நேரத்துல டமால்னு சத்தம்.”

பெனிஸ்டன் தொடையில் தட்டினான். “கேஸ் ஓவர், அக்கா! கல்லை விட்டுட்டு ஓடின டிரைவரைப் பிடிச்சா செங்கோட்டுவேல் அண்ணா வெளியே. ஆனா எப்படிப் பிடிக்கிறது? தமிழ்நாட்டு லாரி ஆயிரம் இருக்கும்.”

ஈனிட் மறுபடி குனிந்தார். குழவியின் அடிப்பக்கத்தை விரலால் தடவினார். அங்கே நீல பெயின்ட் ஒட்டியிருந்தது.

“பென்னி, உன் ஹெல்மெட்டை எங்க மாட்டின?”

“சொன்னேனே, லாரில. டூல் பாக்ஸ் பக்கத்துல ஒரு கொக்கி சும்மா...”

அவன் பாதியில் நிறுத்தினான். கையிலிருந்த டம்ளரை மெதுவாக மேடையோரம் வைத்தான்.

“லாரிக்காரன் வண்டியில ஒரு கொக்கியும் சும்மா இருக்காது,” என்றார் ஈனிட். “வா, அதுல எப்பவும் என்ன தொங்கும்னு கேட்டுட்டு வருவோம்.”

*

அருணாச்சலம் லாரி நிழலில் அடுப்புப் பற்றவைத்து அரிசி களைந்துகொண்டிருந்தார். மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் ஈனிட்டுக்கு வந்த வேலையின் மேலேயே வெறுப்பாக இருந்தது.

பெனிஸ்டன் கொக்கியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்தான். கொக்கி காலியாக ஆடியது. தார்ப்பாயைக் கட்டியிருந்த கயிறு பச்சை நைலான். அவன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

“கல்லு கெடச்சுதுங்களா, மேடம்?”

“கெடச்சுது.” ஈனிட் கைப்பேசியில் படத்தைக் காட்டினார். செந்தூரம், மாலை, ஊதுபத்தி.

அருணாச்சலம் வெகுநேரம் பார்த்தார். அரிசி களைந்த தண்ணீர் கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

“காலையில நீங்க எங்ககிட்ட ரெண்டு விஷயம் சொன்னீங்க, அருணாச்சலம். செங்கோட்டுவேல் வண்டி ஓட்டறப்போ போன் எடுக்க மாட்டாருன்னு சொன்னீங்க. பதினேழு வருஷமாத் தெரியும்னும் சொன்னீங்க. எடுக்க மாட்டாருன்னு தெரிஞ்ச ஆளை, வண்டி ஓட்டிட்டிருக்கற நேரத்துல, அஞ்சு நாப்பத்தாறுக்கு எதுக்குக் கூப்பிட்டீங்க?”

அவர் அடுப்பை அணைத்தார். பாத்திரத்தை மூடி வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

“கல்லு கெடக்குது, ஓரமா வாடான்னு சொல்லத்தாங்க.”

பெனிஸ்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“எறக்கத்துல சக்கரம் கல்லு மேல அழுத்தி நிக்குமுங்க. ஒருத்தன் வண்டியப் பின்னால வாங்கோணும், ஒருத்தன் கீழ நின்னு கல்ல உருவோணும். அதுக்குத்தான் கிளீனருங்கறது. ஒத்த ஆளு என்ன பண்றது? பிரேக்கு கொதிக்குது. ஹேண்ட் பிரேக்க நம்பி எறங்குனா வண்டி என் மேலயே வந்துரும். கதவத் தட்டித் தட்டி எடு எடுங்கறாரு. சாப், பத்தர் நிக்காலனா ஹை, கல்ல எடுக்கோணும்னு கும்புட்டேன். பின்னால வாங்கி, ஸ்டியரிங்க ஒடிச்சு, கல்ல விட்டுட்டு எடுத்துட்டேன். கீழ ஓரங்கட்டிட்டு நடந்து வந்து எடுத்துக்கலாம்னுதான் நெனச்சனுங்க. பாலம் வரைக்கும் பின்னாலயே தொரத்திட்டு வந்தாரு. அப்பறம் சிட்டிக்குள்ள நோ என்ட்ரி நேரம் வேற ஆகப் போவுது. செங்கோட்டுக்கு ரிங்கு விட்டுப் பாத்தேன். அவன் எடுக்கலை. சரி, ராத்திரி பகலா ஓட்டற கண்ணு, பாத்துக்குவான்னு வந்துட்டனுங்க.”

லாரிக்காரன் எங்கே வேண்டுமானாலும் நிறுத்துவான், எதற்கும் நிற்க மாட்டான் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிற ஊர் இது. பிரேக் சூடானதும் நிறுத்தியவர் இவர். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தவர் இவர். சரியாகச் செய்ததற்குத்தான் கதவில் லத்தி விழுந்தது. ஈனிட்டுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அது உள்ளேயே கசந்தது.

“உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் எதுக்கு எங்கிட்ட வந்தீங்க?”

“கல்ல விட்டது தெரியுமுங்க. அந்தக் கல்லுதானான்னு தெரியாது.” அவர் நிமிர்ந்தார். கண் கலங்கவில்லை. அதற்கும் அப்பால் போயிருந்தார். “ரோட்டுல ஆயிரம் கல்லு கெடக்குது. வேற எதுனாச்சும் ஒரு கல்லுதான்னு நீங்க கண்டுபுடிச்சுச் சொல்லுவீங்கன்னு வந்தனுங்க. சொல்லிட்டீங்கன்னா நான் சோறு திங்கலாம் பாருங்க.”

துப்பறிவாளரை வேலைக்கு அமர்த்துகிறவர்கள் உண்மையைத் தேடுவதாக ஈனிட் என்றைக்குமே நம்பியதில்லை. ஆனாலும் இப்படி ஒருவர் கேட்டதில்லை.

“அந்தக் கொளவி எங்க வீட்டுது. சம்சாரம் கிரைண்டர் வாங்குனப்ப வெளிய போடறேன்னா. நாந்தான் வண்டிக்கு ஆகும்னு எடுத்தாந்தேன். அந்த ஸ்கூட்டர்ப் பையன் பேரு என்னங்க?”

ஈனிட் சொன்னார். அருணாச்சலம் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

“அக்கா,” என்றான் பெனிஸ்டன் மெல்லிய குரலில். “அந்தச் சாமியை யாரும் சந்தேகப்படலை. செங்கோட்டுவேல் அண்ணாவுக்குப் பத்து நாள்ல பிளட் ரிப்போர்ட் வந்துரும். நாம சும்மா இருந்தா...”

“இருந்தா?”

“ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்.”

மணி ஒன்றே முக்கால். ஈனிட் எதுவும் சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். போலீசுக்குப் போகச் சொன்னால் இவரை ஜெயிலுக்கு அனுப்பியவர் ஆவார். போக வேண்டாம் என்றால் அங்கே விலங்கோடு படுத்திருப்பவரை விற்றவர் ஆவார்.

அருணாச்சலமே கைப்பேசியை எடுத்தார். “மொதல்ல பவுனுகிட்ட சொல்லிடறேன். எம் வாயால சொல்லோணும்.”

அவர் லாரியின் மறுபக்கம் போகவில்லை. அங்கேயே, அவர்கள் முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டார். தங்கச்சி, அண்ணன் பேசறேன் என்று ஆரம்பித்து, கல்லை விட்ட கதையை ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னார். சொல்லி முடித்ததும் மறுமுனையில் ஆஸ்பத்திரி இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ ஒரு நர்ஸ் மராட்டியில் யாரையோ திட்டினாள்.

“அண்ணா,” என்றாள் பவுன் கடைசியில். “அப்ப அவரு குடிக்கலைன்னு எழுதிக்குவாங்கல்ல?”

“எழுதிக்குவாங்க, சாமி.”

“நியூட்ரல்லயும் வரலைன்னு?”

“அதையும் எழுதச் சொல்றேன்.”

“நீ சாப்புட்டயாண்ணா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். அந்த ஒரு கேள்விக்குத்தான் லாரியின் பக்கப் பலகையில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார்.

*

போலீஸ் ஸ்டேஷனுக்குள் நுழையும்போது மணி இரண்டரை. ஈனிட் இன்ஸ்பெக்டரின் மேஜையில் படங்களை வரிசையாக வைத்தார். கல், கயிறு, விபூதி, நீல பெயின்ட். வைஷாலியின் பெயரையும் எழுதிக் கொடுத்தார். லத்தியால் தட்டிய சீருடைக்காரரைப் பற்றி அவள் சொன்னதையும் சேர்த்தே எழுதியிருந்தார். இன்ஸ்பெக்டர் அந்த வரியை மட்டும் வேகமாகப் படித்தார்.

சாமியின் படத்தில் அவர் கண் நின்றது. தன்னையறியாமல் நெற்றிக்கு உயர்ந்த கையைப் பாதியில் இறக்கி, மீசையைத் தடவிக்கொண்டார்.

“அந்தத் தேங்காய் லாரிக்காரன் குடிக்கலைங்கறீங்களா?”

“கணுக்கால் உடைஞ்சிருக்கு, சார். எக்ஸ்ரே ஆஸ்பத்திரியில மூணு நாளாக் கெடக்கு. கேட்டா குடுப்பாங்க. இதுவரைக்கும் யாரும் கேக்கல.”

அவர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். இரண்டு நிமிஷம் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் அங்கே காவலிருந்த கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு விலங்கைக் கழற்றச் சொன்னார். மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்க வேண்டிய காகிதத்தை வேறு மாதிரி எழுதச் சொல்லி ரைட்டரிடம் தள்ளினார். பதினேழு வருஷம் ஸ்டியரிங் பிடித்தபடி ஒரு போன்கூட எடுக்காத மனிதரின் பெயரிலிருந்து ‘குடிகாரன்’ என்ற வார்த்தை மூன்று நாள் கழித்து இறங்கியது. இதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

“பெயர்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அருணாச்சலமுங்க. லாரி டிரைவர்.”

அருணாச்சலம் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்திருந்தார். கை கட்டி நின்றார். சொல்ல வேண்டியதையெல்லாம் தனக்குத் தெரிந்த ரோட்டு ஹிந்தியில் வரிசையாகக் கோத்து வைத்திருந்தார். பிரேக் புகைந்தது, நிறுத்தியது, முட்டுக் கொடுத்தது, தட்டிய லத்தி, கும்பிட்டது, விட்டுப் போன கல், எடுக்காத போன், அந்தப் பையனின் பெயர்.

இன்ஸ்பெக்டர் புதுத் தாள் ஒன்றை எடுத்து மேலே தேதி போட்டார். நிமிர்ந்து பார்க்காமலேயே முதல் கேள்வியைக் கேட்டார்.

“எவ்வளவு குடிச்சிருந்தே?”